1/35 குவாஸ்தத்தோரி டையோரமா: முள்கம்பி ஒருவழியாகப் படிந்தது

போர்க்களக் காட்சியை நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவில் செய்யும் மாடல் இது. இடம் லிபியாவின் தோப்ருக், 1942 ஜூன் 20. இத்தாலிய ராணுவத்தின் தாக்குதல் பொறியாளர்களான குவாஸ்தத்தோரி மூன்று பேர் கம்பி வேலிக்கு அடியில், அதைத் தகர்க்கும் வெடிக்குழாயைத் தள்ளுகிறார்கள். உருவங்களும் தரையும் எப்போதோ தயார். இழுத்தடித்தது வேலிதான்.

போட்டோ-எட்ச் கம்பி (மெல்லிய உலோகத் தகட்டை அரித்துச் செய்வது) வேண்டவே வேண்டாம். தட்டை, பக்கவாட்டில் பார்த்தால் காணாமல் போய்விடும். எனாமல் பூசிய செம்புக் கம்பியை முறுக்குவதே வழி. நிஜ முள்கம்பியின் ஓர் இழை சுமார் 2.5 மி.மீ. என்றால் நமக்கு 0.07 வேண்டும். 44 கேஜ் (தடிமன் எண், 0.08 மி.மீ.) நெருங்கி வரும், ஆனால் ட்ரில் சக் வாயிலேயே அறுந்துபோகும். 42 கேஜ் (0.1) தாங்குகிறது. மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டுத் தருவார்கள். ஹாபி கடையில் குட்டி ரீலுக்குக் கேட்கும் விலையெல்லாம் அநியாயம்.

60 செ.மீ. இழையை ஆணியில் மாட்டி மடித்து, இரு நுனியையும் கை ட்ரில்லில் கவ்வி, 200 சுற்று. இழுத்த பிடி தளரக் கூடாது. தளர்ந்த இடத்தில் முடிச்சு விழும், நீவினாலும் போகாது. முறுக்கியதும் மெழுகுவத்திச் சுடரில் ஒரே ஓட்டமாக ஓட்டி எடுத்தால் விறைப்பு போய்விடும், எனாமலும் கருகிவிடும். நிறுத்தினால் அந்த இடம் நொறுங்கும்.

இனி முள். நிஜத்தில் 10 செ.மீ. இடைவெளி, இங்கே 3 மி.மீ. அடியில் கிராஃப் தாளை வைத்து, அதே கம்பியால் இரண்டு சுற்று. ஒட்டுவதற்குத் தண்ணி மாதிரி ஓடும் சூப்பர் க்ளூ கூடாது: முறுக்கின் பள்ளத்தோடு ஓடி அடைத்து, கம்பியை வழவழப்பான குச்சியாக்கிவிடும். கெட்டியான ரகத்தை ஊசி நுனியில் தொட்டு வைக்கணும். நுனிகளை நகவெட்டியால் சாய்வாக, அரை மி.மீ. விட்டு வெட்டணும், சைடு கட்டர் நசுக்கும்.

நிறத்தில் கவனம். தோப்ருக்கின் அரண் வளையம் போருக்கு முன்பு இத்தாலியர்களே கட்டியது. ஆண்டுக்கணக்கில் நின்ற கம்பிக்குப் பளபளக்கும் சாம்பல் பொருந்தாது. அடர் பழுப்பு, மேலே மணல் நிறத்தில் லேசான டிரை-பிரஷ் (பெயின்ட்டைத் துடைத்த, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் தடவல்).

வெடிக்குழாய்க்கு 1.5 மி.மீ. பிளாஸ்டிக் ராடு, துண்டுக்கு 43 மி.மீ. இந்தக் கருவி பிறந்தது பெங்களூரில்: 1912-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் கேப்டன் மெக்லின்டாக் உருவாக்கியது. இத்தாலிய டையோரமாவில் அதை வைப்பதில் தனி சந்தோஷம்.

அடுத்து மாடல் 35 தீயெறிகருவி. இரட்டை உருளை சுலபம். குழலுக்குக் கிடாரின் தடித்த தந்தியைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதன்பின் எகிப்தின் எல் அலமைன் போர்க்களம், குவாஸ்தத்தோரியின் 31-ஆவது பட்டாலியன். அதன் தளபதி பாவ்லோ காச்சா தொமினியோனி, போர் முடிந்தபின் அந்தப் பாலைவனத்துக்கே திரும்பிப் போய், ஆண்டுக்கணக்கில் வீரர்களின் உடல்களைத் தேடி எடுத்தவர். அங்குள்ள இத்தாலிய நினைவிடத்தை வடிவமைத்தவரும் அவரே. அவர் பட்டாலியனை அரைகுறையாகச் செய்ய மனசு வராது.

இந்த வேலியில் இன்னும் இரண்டு வரிசை பாக்கி.