புலிக்குள் இருந்தவர்கள்

"பாண்டிச்சேரி நிஜமாகவே இருக்கிற ஊரா? கதைக்காக வைத்த பெயர் என்று நினைத்தேன்."

அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்த வாரம்தான் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'லைஃப் ஆஃப் பை' நாடகம் பார்த்துவிட்டு வந்திருந்தார். பை என்கிற பாண்டிச்சேரிப் பையன் ஒரு புலியோடு படகில் கடலில் தத்தளிக்கும் கதை அது. என்னோடு பேச ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் பிறந்து, படித்து, கல்யாணம் கட்டிக்கொண்ட ஊர் அது. அதற்கு அத்தாட்சி கேட்டால் எதைக் காட்டுவது? போனில் இருந்த மணக்குள விநாயகர் கோயில் படத்தைக் காட்டினேன். வாசலில் கோயில் யானை லட்சுமி நின்றிருந்தாள்.

நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. லட்சுமி இறந்து ஐந்து மாதம். 2022 நவம்பர் 30 காலையில் நடைப்பயிற்சிக்குப் போன கோயில் யானை வழியிலேயே சரிந்து விழுந்துவிட்டது. எங்களுக்கு அப்போது செவ்வாய்க்கிழமை இரவு. அம்மா போனில் அழுதுகொண்டே, "நம்ம லட்சுமி போயிட்டாடி" என்றார். ஊரே தெருவில் நின்று அவளை வழியனுப்பியதைச் சமையலறையில் நின்று போனில் பார்த்தேன். அவள் தும்பிக்கையைத் தலையில் வைக்கும்போது வரும் அந்த ஈரமான மூச்சு பாண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சரி, அந்த நாடகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். டைம்ஸ் சதுக்கத்தில் தள்ளுபடி டிக்கெட் கவுண்டர் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, 45ஆவது தெருவில் ஷோன்ஃபெல்ட் அரங்கத்துக்குப் போனோம். மெக்சிகோவில் ஓர் ஆஸ்பத்திரி அறையில் நாடகம் தொடங்குகிறது. கண்ணெதிரே அந்தக் கட்டில் படகாகிறது, தரை கடலாகிறது. நடுவில் பாண்டிச்சேரி வருகிறது. எங்கள் ஊரின் பெயரை மேடையில் சொன்னபோது என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் புலி வந்தது.

அது ஒரு பெரிய பாவை. அதை ஆட்டுகிறவர்கள் ஒளிந்துகொள்வதில்லை. தலைக்கு ஒருவர், நடு உடம்புக்கு ஒருவர், பின்னங்காலுக்கு ஒருவர். ஐந்து நிமிஷத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள், புலி மட்டும்தான் தெரிகிறது. ஓர் இடத்தில் பசியால் சோர்ந்த புலி படகில் படுக்கும். அதன் விலா ஏறி இறங்கியது. உற்றுப் பார்த்தேன். உள்ளே குனிந்திருந்தவரின் முதுகும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. மூன்று பேரும் ஒரே மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்கள்! முடிவில் வணங்க நிமிர்ந்தபோது அவர்கள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எனக்கு எங்கள் தெருவில் புலிவேஷம் கட்டி வருகிறவர் நினைவு வந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் வர்ணம் பூசி, காயும்வரை உட்காராமல் சாயாமல் நிற்பார். பறை அடிக்க அடிக்கப் பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை வாயால் எடுப்பார். என் அப்பா காசு கொடுக்கும் முன் கேட்கிற முதல் கேள்வி, "இந்த வருஷம் புலி யாருப்பா?" பெயரைக் கேட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுத்தான் நோட்டை நீட்டுவார்.

மே 2ஆம் தேதி, பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழிக்கும் எனக்கும் அன்று அதே பேச்சு. 13 பரிந்துரைகளோடு 'சம் லைக் இட் ஹாட்' என்ற இசை நாடகம் முதலிடத்தில் இருந்தது, தோழிக்கு அதில் சந்தோஷம். நான் புலியைத் தேடினேன். மேடை அமைப்பு, ஒளி, ஒலி, உடை எல்லாம் இருந்தன. துணை நடிகர் பிரிவில் புலிக்காரர்கள் இல்லை. பையாக நடித்த, இலங்கையில் பிறந்த ஹிரான் அபேசேகர முதன்மை நடிகர் பிரிவிலும் இல்லை.

முந்தின வருஷம் லண்டனில் இதே நாடகத்துக்கு, அந்த ஊர் நாடகங்களுக்குக் கொடுக்கும் ஆலிவியர் விருதுகள் 5 கிடைத்தன. சிறந்த நடிகர் ஹிரான். சிறந்த துணை நடிகர் விருதைப் புலியை இயக்கிய ஏழு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரெட் டேவிஸ், டெய்சி ஃபிராங்ஸ், ரோமினா ஹைட்டன், டாம் லார்கின், ஹபீப் நாசிப் நாடர், டாம் ஸ்டேசி, ஸ்கார்லெட் வில்டரிங்க். ஏழு பேர், ஏழு பெயர். அதே புலி கடல் தாண்டி வந்ததும் வெறும் மேடைப் பொருளாகிவிட்டதா?

நியூயார்க்குக்குப் பாவைக்கலை புதிதில்லை. 2011இல் 'வார் ஹார்ஸ்' நாடகத்தின் பாவைக் குதிரைகளைச் செய்த ஹேண்ட்ஸ்பிரிங் குழுவுக்குச் சிறப்பு டோனி கொடுத்தவர்கள்தான். ஆனால் சிறப்பு விருது வேறு, நடிகர் என்று ஒப்புக்கொள்வது வேறு. மூச்சை அடக்கி, முதுகை வளைத்து, ஒரு மிருகத்தின் பயத்தையும் பசியையும் இரண்டு மணி நேரம் தாங்குகிறவரை நடிகர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? இதில் எனக்கு இன்றுவரை சமாதானம் இல்லை.

வென்றவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. 'குட் நைட், ஆஸ்கர்' நாடகத்தில் ஷான் ஹேய்ஸ் மேடையிலேயே பியானோ வாசித்தார், அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தது சரி. சிறந்த நாடகம் டாம் ஸ்டாப்பர்டின் 'லியோபோல்ட்ஸ்டாட்'. வியன்னாவில் வேர்விட்டுவிட்டதாக நம்பிய ஒரு யூதக் குடும்பத்தின் கதை. புது ஊரில் அட்டைப்பெட்டிகளை இன்னும் முழுதாகப் பிரிக்காத எனக்கு அது நெஞ்சில் இறங்கியது.

ஜூன் 11 விழா இரவில் தயிர்சாதத் தட்டோடு டிவி முன் உட்கார்ந்தோம். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் எழுதிய உரை இல்லாமல் நடந்த விழா அது. எங்கள் நாடகத்துக்கு மேடை அமைப்பு, ஒளி, ஒலி என்று மூன்று கிடைத்தது. கைதட்டினேன். ஜூலை 23ஆம் தேதி நாடகத்தையே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் எல்லாம் பழகிவிட்டது. பனியில் நடக்கும் செருப்பு எது, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும், எல்லாம் தெரியும். தள்ளிப்போன எம்மி தொலைக்காட்சி விருது விழா 2024 ஜனவரி 15இல் வந்தது, அன்றே பொங்கல், இங்கே பொது விடுமுறையும்கூட. 'பீஃப்' தொடருக்காக அலி வாங், ஸ்டீவன் யூன் இருவரும் வென்றபோது வீட்டில் விசில் அடித்தோம். இனி இதுவும் நம் ஊர்தான் என்று அவரிடம் சொன்னேன். காலையில் மின்னடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தபோது, "பொங்கலோ பொங்கல்" என்று கூவ எங்கள் இரண்டு குரல்தான் இருந்தது. பாண்டியில் அந்தச் சத்தம் வீடு வீடாகத் தாண்டித் தெருமுனை வரை போகும்.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது நாடக அரங்கில் கொடுத்த சிறு புத்தகத்தையும் எடுத்துப் போனேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். சாமி அலமாரியில் லட்சுமியின் படம் இருந்தது. உள்ளே புரட்டி, ஆங்கிலப் பெயர் வரிசையில் விரலை வைத்தார்.

"இதுல புலி யாரு யாருடி?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் காட்டினேன்.