கோஸ்டர் தீவின் நத்தைகள்

சுவீடனின் மேற்குக் கரையில், நார்வே எல்லையை ஒட்டியுள்ள ஸ்ட்ரோம்ஸ்டாட் நகரிலிருந்து தெற்குக் கோஸ்டர் தீவுக்குப் படகில் சென்றேன். 2009-இல் அந்நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்கடற்பகுதியில் பலரும் கடல்நாய்களைத் தேடுவார்கள். நான் தேடியது நகமளவுள்ள நத்தைகளை.

கூழாங்கற்கள் குவிந்த ஒதுக்கமான கரையில் கிடைத்த லிட்டோரினா சாக்சாட்டிலிஸ் நத்தைக்கு ஓடு தடித்து, வாய் குறுகியிருந்தது. கையில் எடுத்ததும் உள்ளே ஒடுங்கியது நெடுநேரம் வெளியே வரவில்லை. சில பத்து மீட்டர் தள்ளி, அலை அறையும் மொட்டைப் பாறையில் இருந்ததோ பாதியளவே இருந்தது. மெல்லிய ஓடு, அகன்ற வாய், சற்று நேரத்திலேயே பாதத்தை நீட்டி ஊரத் தொடங்கிவிட்டது. கற்களிடையே நண்டு உண்டு. ஆகவே அங்கே தடித்த ஓடும் அச்சமும் உயிர்காக்கும். பாறையில் அலையே பகை என்பதால், பெரிய பாதத்தால் இறுகப் பற்றிக்கொள்வதே பிழைக்கும் வழி. இரண்டும் ஒரே இனம் என்பதை என் கண்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இந்த இனம் குட்டிகளையே ஈனுவதால், அவை பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. எனவே ஒவ்வொரு பாறையிலும் வாழும் நத்தைகளின் மரபணுத் தொகுப்பு தனித்தன்மை பெறுகிறது. அதே கரையில் வாழும் லிட்டோரினா லிட்டோரியா முட்டைகளைக் கடலில் விட்டுவிடுகிறது. அதன் லார்வாக்கள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் அலைவதால், தொலைதூரக் கரைகளில் உள்ளவையும் மரபணுவில் பெரிதும் ஒத்திருக்கின்றன. பழுப்புப் பாசிகளில் வாழும் லிட்டோரினா ஒப்டுசாட்டா, லிட்டோரினா ஃபபாலிஸ் ஆகிய இரு நத்தை இனங்களும் உணவைப் பகிர்ந்துகொண்ட விதம் இன்னும் நேர்த்தியானது: முன்னது பாசியையே தின்ன, பின்னது பாசியின் மேல் படிந்த நுண்படலத்தைச் சுரண்டித் தின்கிறது.

1988-இல் நச்சுப் பாசிப் பெருக்கம் இங்குள்ள சிறு பாறைத்திட்டுகளின் சாக்சாட்டிலிஸ் நத்தைகளை அழித்தது. அவ்வாறு வெறுமையான ஒரு திட்டில், கடல் உயிரியலாளர் கெர்ஸ்டின் யோஹானசன் 1992-இல் நண்டுள்ள கரையின் தடித்த ஓட்டு வகையைக் கொண்டுவந்து விட்டார். ஏறத்தாழ 30 ஆண்டுகளில் அவற்றின் வழித்தோன்றல்கள் அலைப்பாறை வகையாகவே மாறிவிட்டதை 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு உதவிய மரபணு வடிவங்கள் பெரும்பாலும் புதிதாக முளைத்தவை அல்ல. கொண்டுவந்த நத்தைகளிடமே சிறுபான்மையாக இருந்தவையும், அக்கம்பக்கத்து அலைப்பாறை நத்தைகளிடமிருந்து வந்து கலந்தவையுமே ஆகும்.