தேக்கில் ஒரு காபி ட்ரே: பட்டறைக் குறிப்புகள்

2 நவம்பர் 2024, சனி

வெளி அளவு 450 × 300 மி.மீ. என்று முடிவாயிற்று. ஆறு டபரா செட் இடிக்காமல் நிற்கும். சட்டத்துக்கு 12 மி.மீ. கனத்தில் தேக்கு, அடிப்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட். நீளப் பக்கங்களின் உயரம் 50 மி.மீ.; கைப்பிடி வரும் குட்டைப் பக்கங்கள் 75.

மரக்கடையில் துண்டு பொறுக்கும்போது வெள்ளை (மரத்தின் வெளிப்புறத்து வெளிர் பகுதி) ஏறியதை ஒதுக்கிவிட வேண்டும். தேக்கே ஆனாலும் வெள்ளையில் பூச்சி விழும். பலகையின் ஒரு நுனியில் கண்ணை வைத்து மறுநுனி வரை பார்த்தால் முறுக்கு தெரியும். லேசான வளைவை இழைத்து எடுத்துவிடலாம். முறுக்கிய பலகை இந்தக் கனத்துக்குத் தேறாது.

மழைக்காலம் என்பதால் துண்டுகளுக்கு இடையில் சக்கை (சிறு மரக்குச்சி) கொடுத்து வீட்டுக்குள் ஒரு வாரம் அடுக்கியாயிற்று. சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு பக்கம் மட்டும் உலர்ந்து வளையும்.

9 நவம்பர், சனி

அறுப்பு. ஜோடிப் பலகைகளை டேப்பால் சேர்த்துக் கட்டி ஒரே வெட்டில் அறுக்க வேண்டும். தனித்தனியாக அளந்து அறுத்தால் ஒரு மி.மீ. வித்தியாசம் எப்படியும் வரும், சட்டம் கோணும்.

நீளப் பக்கம் 450. குட்டைப் பக்கம் 300 அல்ல, 288. காரணம் மூலை இணைப்பு. நீளப் பலகையின் இரு முனைகளிலும், உள்முகத்தில், 12 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்துக்குப் படி எடுக்கிறோம். குட்டைப் பலகை அந்தப் படியில் உட்காரும். இருபுறமும் மிஞ்சுகிற 6 மி.மீ.யைக் கழித்தால் 288.

அடிப்பலகை நுழைவதற்கான காடி (நீளப் பள்ளம்): நான்கு பலகையிலும் கீழ்விளிம்பிலிருந்து 6 மி.மீ. விட்டு, 6 மி.மீ. ஆழம். டிரிம்மரில் (காடி வெட்டும் கைமெஷின்) ஒரே இழுப்பாக இழுத்தால் தேக்கு கருகும், 3 மி.மீ. வீதம் இரண்டு இழுப்பு. காடியின் ஆழமும் படியின் ஆழமும் ஒன்றாக இருப்பதில்தான் இந்த இணைப்பின் அழகு. காடி படியிலேயே முடிந்துவிடுவதால் வெளியே ஓட்டை தெரியாது. பலகைகளைச் சும்மா முட்டவைத்து ஒட்டினால் நான்கு மூலையிலும் சதுர ஓட்டை பல்லிளிக்கும்.

6 மி.மீ. என்று விற்கும் பிளை பெரும்பாலும் அதைவிட மெலிசாகவே இருக்கும். முதலில் வீண் துண்டில் காடி இழுத்து, கையிலுள்ள பிளையையே நுழைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

அதிகம் நடக்கிற தவறு, காடியை மேல்விளிம்பிலிருந்து அளந்து இழுத்துவிடுவது. நான்கு பலகையிலும் 'கீழ்', 'உள்' என்று பென்சிலில் எழுதிவிட்டால் தப்பலாம்.

10 நவம்பர், ஞாயிறு

கைப்பிடி. மேல்விளிம்பிலிருந்து 18 மி.மீ. விட்டு, 100 × 25 அளவில் துளை. 25 மி.மீ. டிரில் பிட்டால் மையத்துக்கு மையம் 75 இடைவெளியில் இரண்டு ஓட்டை. நடுவில் இருப்பதை ஜிக்சாவால் எடுத்துவிடலாம். பிட்டின் கூர்முனை மறுபுறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் புள்ளியில் வைத்துத் துளைக்க வேண்டும். நேராக ஓட்டினால் பின்பக்கம் சிலாம்பு பெயரும்.

75-இலிருந்து 50-க்கு இறங்கும் தோள்வளைவு கடைசியில்தான். முன்பே வளைத்துவிட்டால் கிளாம்ப் (ஒட்டும்போது இறுக்கும் பிடி) பிடிக்க நேர்விளிம்பு இருக்காது.

16 நவம்பர், சனி

ஒட்டும் நாள். அதற்கு முன் உள்முகங்களையும் பிளையையும் 120, 180, 220 எண் என்று வரிசையாக உப்புத்தாள் போட்டு முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு மூலைக்குள் விரல் போகாது. பிளை 436 × 286; முழு இடம் 438 × 288, சுற்றிலும் ஒரு மி.மீ. தளர்வு. பிளை சுருங்கி விரியாது என்பதால் காடியிலும் பசை போடலாம். பிளைக்குப் பதில் மரப்பலகையே அடியாக இருந்தால் போடவே கூடாது; மழையில் விரிந்து சட்டத்தையே பிளக்கும்.

தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. ஒட்டும் முகங்களைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த கையோடு ஃபெவிகால். உள்மூலையில் டேப் ஒட்டியிருந்தால் பிதுங்கும் பசை அதோடு வந்துவிடும். மரத்தில் படிந்த பசையின் மேல் பாலிஷ் ஏறாது, வெளுப்பாகத் திட்டு நிற்கும்.

நான்கு கிளாம்ப் இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து நான்கு சுற்று சுற்றினால் போதும். உடனே மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் 541-ஐ ஒட்டி, சமமாக வர வேண்டும். ஒன்று நீண்டிருந்தால் அந்த இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்தினால் சரியாகும். பசை இறுகிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

17 நவம்பர், ஞாயிறு

தோள் வளைத்து, விளிம்புகளை மழுக்கி, வெளிப்புறத் தேய்ப்பு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் பார்க்க அழகு, ஆனால் ட்ரேக்கு ஆகாது. சூடு பட்டால் இளகி, டபராவின் அடி வட்டமாகப் பதியும். ஈரக்காற்றில் பூசினால் பால்போல வெளுக்கவும் செய்யும். அதனால் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ், மூன்று கை (பூச்சு): முதல் கை தின்னர் கலந்து தண்ணியாக, அடுத்தடுத்த கைக்கு முன் 320 தாளால் லேசான தடவல்.

பூசி முடித்து ஒரு வாரம் சும்மா கிடக்கட்டும். அடிப்பக்கத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழாவிட்டால் சூடான டபரா வைக்கலாம்.