பட்டாளத்து அப்பாரு

ஆண்டுதோறும் ஜூன் 6 அன்று, இரண்டாம் உலகப் போரின்போது 1944-இல் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிப் போரிட்டு இன்னும் உயிரோடிருக்கும் முதியவர்களுக்கு நாட்டுத் தலைவர்களே எழுந்து நின்று மரியாதை செய்வதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் அதே ஆண்டு, அதே மாதம் 22-ஆம் நாள் நம் வடகிழக்கு எல்லையில் இம்பால்–கோகிமா சாலை மீட்கப்பட்டு, இந்திய மண்ணுக்குள் புகுந்த ஜப்பானியப் படையெடுப்பு முறிந்ததைப் பாலக்காட்டு எல்லையில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், யாரும் பேசிக் கேட்டதில்லை.

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதாகுச்சியின் படைகள் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றைக் கடந்தபோது, வீரர்களிடம் ஏறத்தாழ மூன்று வார உணவே இருந்தது. இம்பாலைப் பிடித்துவிட்டால் அங்குள்ள கிடங்குகளில் வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அது பலிக்கவில்லை. கோகிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இருபுறமும் ஜப்பானியரும் பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் குழி வெட்டிப் பதுங்கிக்கொண்டு கையெறிகுண்டு வீசினார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜப்பானியரில் குண்டடிபட்டு இறந்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் இறந்தவர்களே அதிகம்.

எங்கள் தெருவில் பட்டாளத்து அப்பாரு என்று ஒருவர் இருந்தார். சண்டையைப் பற்றிக் கேட்டால், "மழையும் சேறுந்தான் கண்ணு, கோவேறு கழுதை வயிறு மட்டுக்கும் பொதைஞ்சுரும்" என்பார். சுட்டதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பர்மா ஸ்டார் பதக்கத்தை வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். அதன் ஆறு முனைகளிலும் சுண்ணாம்பு அப்பியிருக்கும்.

எதிர்வரிசையிலும் நம்மவர்கள் இருந்தார்கள். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் திரளாகச் சேர்ந்தார்கள். அந்த இராணுவத்தின் ஒரு பகுதி ஜப்பானியரோடு இம்பாலை நோக்கி வந்தது. அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தாய்வழிக் குடும்பம் இதே பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரையைச் சேர்ந்தது. நேதாஜி படையினருக்கு, 1972-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் வழியாக, தியாகி ஓய்வூதியமாவது கிடைத்தது. வெள்ளைக்காரன் சம்பளத்தில் கோகிமாவைக் காத்தவர்களைத் தியாகி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் படையெடுப்பைத் தடுத்தார், மற்றவர் அதையே விடுதலைக்கான வழி என்று நம்பி வந்தார். இருவரில் யாருக்கு மாலை என்று இன்றைக்கும் வழக்காடிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பேன். கோகிமாப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னமே இருக்கிறது.

அன்று பதினெட்டு வயதில் துப்பாக்கி பிடித்தவர் இன்று நூறை ஒட்டியிருப்பார். அப்படி யாராவது உங்கள் ஊரில் இருந்தால், மேடையேற்றிச் சால்வை போர்த்துவதைவிட, அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய், காது கேட்கும் பக்கமாக உட்கார்ந்து, எந்தப் படைப்பிரிவு, எந்த முகாம், பக்கத்தில் நின்றவர் பெயர் என்ன என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் பக்கம் விடாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து ஓட்டு வீடுகளில் கரையான் காகிதத்தைத்தான் முதலில் தேடும்.