நாளுக்கு ஒரு முறித் தேங்காய்

2025 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வாரக்கூலி வாங்கிக்கொண்டு வரும் வழியில், முக்குக் கடையில் ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் கேட்டேன். 460 ரூபாய் என்றார் கடைக்கார அண்ணன். போன வாரம் 430 தானே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். காலையிலிருந்து எத்தனை பேருக்கு இதே பதிலைச் சொன்னாரோ. "கால் லிட்டர் தாங்கண்ணா" என்றேன். 115 ரூபாய்.

வீட்டில் மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இம்புட்டுதானா பிள்ளே? நாளைக்கு அவியலுக்கு ஊத்தவே காணாதே."

நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். எங்கள் ஊர்ச் சமையல் தெரியாதவர்களுக்கு இந்தக் கவலை பெரிதாகத் தோன்றாது. இங்கே துவரன் என்கிற பொரியலுக்குத் தேங்காய், அவியலுக்குத் தேங்காய், எரிசேரிக்கு அரைத்தும் வறுத்தும் தேங்காய், தீயலுக்கு வறுத்த தேங்காய், மீன்கறிக்கு அரைத்த தேங்காய். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்மந்தி என்கிற துவையலும் தேங்காய்தான். தாளிக்கிற எண்ணெயும் தலையில் தேய்க்கிற எண்ணெயும் ஒன்றே. தேங்காய் இல்லாமல் என்ன வைப்பது என்று யோசிக்க வேண்டிய தேவை எங்கள் அம்மாவுக்கு வந்ததே இல்லை.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, மகளின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். 2024 தொடக்கத்தில் மாதம் 3 லிட்டர் எண்ணெய், லிட்டர் 190 வீதம் 570. நாளுக்கு ஒரு தேங்காய், 15 ரூபாய் வீதம் 450. ஆக 1,020. இப்போது அதே 3 லிட்டர் 1,380. அதே 30 தேங்காய், 35 ரூபாய் வீதம் 1,050. ஆக 2,430. அரசு கொடுக்கும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து என் கணக்கில் விழுகிறது. கூடுதலாகப் போகும் 1,410 ரூபாய் அந்த ஆயிரத்தை அப்படியே விழுங்கிவிட்டு, கூலியிலிருந்தும் 410 எடுத்துக்கொள்கிறது. மாதக்கடைசியில் பணம் எங்கே போகிறதென்று நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பாவம், அவர் சாயா குடிப்பதைக்கூட நான் கணக்குக் கேட்டிருக்கிறேன்.

அவருக்கு ரப்பர் பால்வெட்டு. வெயில் மாதங்களில் கையில் 14,000 வரை வரும். மழை இறங்கிவிட்டால் வெட்டு இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அவர் வெட்டுகிற தோட்டத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டவில்லை. அதனால் பட்டை நனைந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. அந்த மாதங்களில் 6,000 வந்தால் அதிகம். இலை உதிர்ந்து துளிர்க்கிற மாசியிலும் இதே நிலைதான். அண்டியாபீஸில் தோலெடுக்கிற எனக்கு எடைக்கூலி. நல்ல கொட்டை வந்தால் ஒரு மாதிரி, பொடிந்த கொட்டை வந்தால் வேறு மாதிரி. மாதம் 5,500 என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பிட ஐந்து பேர். குழுக் கடன் தனி.

விலை ஏன் ஏறியது என்பதை எங்கள் ஐந்து சென்ட் மண்ணிலேயே பார்க்கலாம். இரண்டு தென்னை நிற்கிறது. ஒன்றுக்கு வாடல் நோய். ஓலை வளைந்து, விலா எலும்பு மாதிரி ஒடுங்கி, பூ கருகி, ஒரு குலைக்கு மூன்று நான்கு காய் பிடித்தால் அதிசயம். இன்னொன்றின் ஓலைக்கு அடியில் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி. அது சொட்டுகிற பிசினில் கரும்பூசணம் படிந்து, கீழே நிற்கிற வாழையிலைகூடக் கரியடித்ததுபோல் கிடக்கிறது. 2024 கோடையின் சூட்டில் உதிர்ந்த குரும்பையை முற்றத்தில் தினமும் பெருக்கி வாரியிருக்கிறேன். இன்றைக்கு உதிர்கிற குரும்பை, ஒரு வருடம் கழித்துக் கிடைக்காமல் போகிற தேங்காய். மேலே ஏற ஆளும் இல்லை. வருகிறவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் காய்க்குக் கொடுத்த விலை ஆகிவிடும். ஆனாலும் அவர் கேட்பது தப்பு என்று சொல்ல மாட்டேன். விழுந்தால் அவர் வீட்டுக்கு யார் பதில்?

செலவைக் குறைக்க நான் முதலில் செய்தது என்ன என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற பல பெண்கள் இப்போது அதையே செய்துகொண்டிருப்பீர்கள். என் தட்டைக் குறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மீன்துண்டு அவர்களுக்கு, சாறு எனக்கு. முட்டை பிள்ளைகளுக்கு. காலையில் அவசரம் என்று சொல்லி பாலில்லாத ஒரு கட்டன்சாயா. ஆபீஸில் மத்தியானம் சோறும் ஊறுகாயும். வீட்டில் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை, நோட்டில் மட்டும் செலவு குறைந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் பஸ்ஸில் நின்றபடி வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை நழுவி, பக்கத்தில் நின்ற அக்கா மேல் சாய்ந்தேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரை தந்து, சாயா குடித்த உடனே போடக்கூடாது, மாத்திரையின் சத்து உடம்பில் பிடிக்காது என்றார். பிறகு, "வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பெறவு நீங்க என்ன சாப்பிடுவிய?" என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. அழுகைதான் வந்தது.

வீட்டுக்காரரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் நோட்டை எடுத்துவரச் சொன்னார். அதுவரை அவர் அந்த நோட்டைத் தொட்டதில்லை. வரிவரியாகப் பார்த்துவிட்டு, "இதுல உனக்குள்ள சாப்பாடு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு அந்த நோட்டில் ஒரு பக்கம் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். இந்தமுறை ஐந்து தட்டுக்கும் சேர்த்து.

தேங்காயைப் பாதியாக்குவது என்று முடிவானது. நாளுக்கு ஒரு முறி, அதாவது அரைத் தேங்காய், அதற்கு மேல் எடுப்பதில்லை. பச்சையாக அரைத்துக் கரைத்தால் ஒரு முறி ஒரு கறிக்கே போதாது. அதையே துருவி, உள்ளியும் (சின்ன வெங்காயம்) வத்தல்மிளகாயும் மல்லியும் சேர்த்துக் கருக வறுத்துத் தீயலாக வைத்தால் ஐந்து பேருக்கும் இருந்து, மறுநாள் காலைக் கஞ்சிக்கும் மிஞ்சும், ருசியும் கூடும். வாரத்தில் நான்கு நாள் தேங்காய் அரைக்கிற கறி, மூன்று நாள் ரசம், புளிக்குழம்பு, மோர். துவரனில் தேங்காயைக் குறைத்தால் காய் தனியாக வறண்டு நிற்கும் என்பதால் அதில் பயறு சேர்த்துவிடுகிறேன்.

எண்ணெயில்தான் பெரிய மாற்றம். தாளிக்க, வறுக்க ரேஷன் பாமாயில், லிட்டர் 25 ரூபாய். தேங்காயெண்ணெயைச் சூடுகாட்டுவதே இல்லை. அவியலும் துவரனும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு மேலே ஒரு ஸ்பூன் பச்சையாக விட்டு மூடி வைத்தால் வீடு முழுக்க மணக்கும். கொதிக்கிற எண்ணெயில் நாம் செலவழித்த வாசனையெல்லாம் ஆவியாகத்தான் போயிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. 3 லிட்டர் போன இடத்தில் ஒன்றரை லிட்டர் போதுமென்று ஆனது. 15 தேங்காய்க்கு 525, ஒன்றரை லிட்டர் எண்ணெய்க்கு 690, பாமாயிலுக்கு 25. மொத்தம் 1,240. மாதம் 1,190 மிச்சம்.

அந்த மிச்சத்தில் முதல் செலவு முட்டை. எனக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கும் தினம் ஒன்று, 6 ரூபாய் வீதம் மாதம் 360. மகளுக்கும் ரத்தம் குறைவு என்பது பிறகு தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துத்தான் மீனைத் தம்பிக்குத் தள்ளிவிடப் பழகியிருக்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரேஷன் அரிசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாமிக்குச் சம்பா அரிசிக் கஞ்சி இல்லாமல் இறங்காது. அதனால் இரண்டு பங்கு ரேஷன் அரிசி, ஒரு பங்கு சம்பா. சம்பா வேக நேரமாகும் என்பதால் அதைத் தனியாக முன்னால் போட்டுவிட வேண்டும். ரேஷன் அரிசி கழுவும்போது சில மணிகள் மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறு. பிளாஸ்டிக் அரிசி என்று தெருவில் யாரோ சொன்னதை நம்பி மாமி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். நர்ஸம்மாவிடம் கேட்டேன். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் செய்த மணி, அதைத்தான் நல்ல அரிசியோடு கலந்து தருகிறார்கள் என்றார். எனக்கு வேண்டிய மருந்தை நாங்களே கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது ஒரு தடவைதான் கழுவுகிறேன். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு எல்லாரும் குடிக்கிறோம்.

கடைப்பற்று தனிக்கதை. 3,300 ரூபாய் கடன் சேர்ந்திருந்தது. பற்றுக்கு வாங்கும்போது 50 கிராம், 100 கிராம் என்று வாங்கத்தான் கை போகிறது, விலை கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து மாதம் 800 வீதம் அடைக்கிறேன். அக்டோபரில் முடியவில்லை. இன்னும் 900 பாக்கி. இப்போது சாமான் வாங்குவது மார்த்தாண்டம் சந்தையில், மாதம் இரண்டு தடவை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால்தான் இது முடிகிறது. முன்பு போக வர ஆகிற காசுக்குச் சந்தையில் கிடைக்கிற லாபம் சரியாகிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் போனால் காய் விலை இறங்கியிருக்கும். ஓணத்துக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது. கேரளாவுக்கு லோடு போகிற நாட்களில் ஏத்தங்காயை (நேந்திரங்காய்) விலை கேட்கவே பயமாக இருக்கும்.

மீனில் நெய்மீனை மறந்து பல வருடமாகிறது. சாளையும் நெத்திலியும்தான் எங்கள் மீன். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை, 61 நாள். அப்போது சாளைக்கும் விலை கூடிவிடும். அதே நாட்களில்தான் இங்கே வெட்டும் இல்லை. அடுத்த வருடம் மே மாதமே கருவாடு வாங்கி வைத்துவிட வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். சக்கைக்கொட்டை என்கிற பலாக்கொட்டையும் அப்படித்தான். காலத்தில் மண்ணில் புரட்டிக் காயவைத்து எடுத்து வைத்தால் மழைக்காலத்தில் முருங்கையிலையோடு துவரனுக்கு ஆகும்.

வேலியோரம் 12 மூடு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, நட்டிருக்கிறேன். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். எங்கள் பாட்டிக்கு அவரைத் தெரியாது. 1942-ல் பர்மா அரிசி நின்றுபோனதுதான் தெரியும். "அரிசி கண்ணுல காண இல்ல மக்ளே, காலம்பற மரச்சீனி, ராத்திரி மரச்சீனி" என்பார். மரச்சீனி வயிற்றை நிறைக்கும், அவ்வளவுதான். கூட மீனோ பயறோ இல்லாமல் தந்தால் பிள்ளைகள் உடம்பு தேறாது. பாட்டியின் தம்பி ஒருவர் அந்த வருடங்களில் இறந்துபோனார். கிழங்கு மட்டும் தின்றதால் என்றே பாட்டி கடைசிவரை நம்பினார்.

2025 ஓணத்துக்குப் பிறகு எண்ணெய் விலை கொஞ்சம் இறங்கியது. பழைய விலைக்கு வரவில்லை. இதை எழுதுவது அந்த வருடத்துக் கார்த்திகை மழையில். வீட்டுக்காரர் வெட்டப்போய் ஒன்பது நாளாகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, கதவைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் செய்ய வேண்டும். இந்த வருடம் வேண்டாம் என்று மாமியே சொன்னார். பாமாயிலில் சுட்டுக்கொள்ளலாம் என்றாள் மகள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுபயறு வறுத்து, தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் பிடிக்கிற முந்திரிக்கொத்தைத் தேங்காயெண்ணெயில்தான் சுட வேண்டும். ஆகஸ்டிலிருந்து எண்ணெய் வாங்கும்போதெல்லாம் முதலில் ஒரு குழிக்கரண்டி எடுத்து, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிவிடுகிறேன். நேற்று இறக்கிப் பார்த்தேன். கழுத்துக்கு இரண்டு விரல் குறைவு.