யாரும் திரும்பிப் பார்க்காத வேன்

2025 ஜூன் 8, ஞாயிறு. மஞ்சக்குப்பம், கடலூர்

நெய்வேலிச் சுரங்கப் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல், பாடல் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். உள்ளூரில் திருப்பாதிரிப்புலியூர், அடுத்து திருவதிகை, பிறகு காவிரிக்கரை என்பது திட்டம். ஆனால் அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு; முழங்கால் வலியும் உண்டு. விடுதி எல்லா ஊரிலும் கிடைக்கிறது, சோறு எல்லா முச்சந்தியிலும் கிடைக்கிறது. வழியில் ஒரு பெண் நிம்மதியாகப் போய்வரக் கழிப்பறைதான் கிடைப்பதில்லை. படுக்கவும் கழிப்பறைக்கும் வசதியுள்ள ஒரு வேன் வாங்கினால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

‘கேரவன்’ என்ற சொல் நம் பக்கத்தில் சினிமாவுக்குச் சொந்தமாகிவிட்டது. சென்ற மாதம் வடலூர் அருகே ஒரு கேரவன் டயர் மாற்றுவதற்காக நின்றது. பத்து நிமிடத்திற்குள் முப்பது பேர் கூடி, “உள்ள யாரு சார்?” என்று ஓட்டுநரைத் துளைத்தெடுத்தார்கள், ஒரு சிறுவன் பக்கத்துத் தேநீர்க் கடைப் பெஞ்சில் ஏறிச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே யாருமே இல்லை. இதைச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: “ஏங்க, கோயில் வாசல்ல நம்ம வண்டியச் சுத்திக் கூட்டம் நின்னா நான் எப்படி எறங்கி வர்றது?”

ஆகவே, உள்ளே வீடாகவும் வெளியே வெறும் வண்டியாகவும் இருக்க வேண்டும்.

2025 ஜூன் 15, ஞாயிறு

வில்லியனூரில் சுற்றுலா வேன் ஓட்டும் மைத்துனர் வந்திருந்தார். என் தேவையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “மாமா, வெறும் வண்டின்னு நம்ம ஊர்ல எதுவுமே கெடையாது. எதப் பாத்தாலும் இது இன்னாரு வண்டின்னு சனங்க முடிவு பண்ணிடுவாங்க” என்றார். அந்தக் கண்ணோடு மாலை வரை ஒவ்வொரு வண்டியாக எண்ணிப் பார்த்தோம்.

மாருதி ஆம்னி 1984-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோனது. திரைப்படங்களில் ஆள் கடத்தும் வண்டியாகவே அது நிலைத்துவிட்டதால், வெள்ளை ஆம்னியை இரவில் பள்ளிக்கூடத்தின் அருகே நிறுத்தினால் விடிவதற்குள் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டுவார். மாருதியின் இன்னொரு வேனான ஈக்கோவை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் மளிகைக்காரர் வரை அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் மொத்த நீளமே 3,675 மில்லிமீட்டர், உயரம் 1,825. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத வண்டியில் முழங்கால் வலிக்காரி எப்படிப் புடவை மாற்றுவாள்?

அடுத்தது டிராவலர். பஜாஜ் டெம்போ நிறுவனம் 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்ட பிறகும் ஊர் வாயில் அது டெம்போ டிராவலர்தான். தாராளமான இடம், தலை தட்டாமல் நிற்கலாம். ஆனால் வெள்ளை நிறமாக இருந்து, திரையும் போட்டுவிட்டால் அது ஆம்புலன்ஸ் ஆகிவிடுகிறது. நிறுத்தியே வைத்திருந்தால் அமரர் ஊர்தி. டாடா விங்கர் வேனுக்கும் இதே சங்கடம் உண்டு. வெள்ளை கூடாது என்று அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

சன்னலே இல்லாத சரக்கு வேன் வாங்கினால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றார் மைத்துனர். குளிர் நாட்டில் அது சரிப்படலாம். கடலூர்ப் புழுக்கத்தில் அது இட்லிப் பானை. மேலும், சரக்குப் பகுதியில் ஆளை உட்கார வைத்து ஓட்டுவது குற்றம்.

2025 ஜூன் 22, ஞாயிறு. புதுச்சேரி

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஓர் இடத்தில், வெள்ளி நிற விங்கர் ஒன்றைப் பார்த்தோம். புதுப்பெயிண்ட் பளபளத்தது. கைக்குட்டையில் காந்தத்தைச் சுற்றிச் சக்கர வளைவின்மேல் வைத்தேன். முன்சக்கரத்தில் ஒட்டியது, பின்சக்கரத்தில் ஒட்டாமல் நழுவியது. தகட்டை உப்புக்காற்று தின்ற இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். கடலோரத்து வண்டியில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஓட்டுநரின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் அந்தக் கடைசி முழ நீளத்தில், வெளிப்பகுதியின் கறுப்பு இல்லை. செம்மண் நிறத்தில் அலைபோல ஒரு கறை படிந்து, நகத்தால் சுரண்டியதும் வண்டல் பொடியாக உதிர்ந்தது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது இந்தப் பக்கத்தில் முழுகிய வண்டிகள் கொஞ்சமா? “மழைல நனஞ்சிருக்கும் சார்” என்றார் விற்பவர். மழை சீட் பெல்ட்டின் சுருளுக்குள் ஏறி மண்ணைப் படிய வைக்காது.

திரும்பும் வழியில் மைத்துனர் அரியாங்குப்பம் வரை ஒன்றும் பேசவில்லை. அந்த இடத்தைப் பரிந்துரைத்தவர் அவர்.

2025 ஜூன் 29, ஞாயிறு

இந்த வாரம் முழுவதும் காகித வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் என் ஆசைக்குக் கடிவாளம் போட்டன. இருக்கைகளைக் கழற்றி வீசிவிட்டுக் கட்டிலை அடித்துவிடலாம் என்று பட்டறைக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் முன் நிற்பவன் நான் அல்லவா? பதிவில் ‘சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன்’, அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வண்டி, என்று தனி வகையே உண்டு என்பதால், முறையாக அந்த வகைக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தேன். நான் ஒளிய நினைப்பது வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்தே தவிர, பிரேக் இன்ஸ்பெக்டரிடமிருந்து அன்று.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் கண்டேன். ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டப்பட்ட வண்டி எதுவும் அங்கே ‘ஆம்னி பஸ்’. வீட்டு உபயோகத்திற்கு விங்கர் வாங்கினாலும் நான் ஆம்னி பஸ் முதலாளிதான்.

புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டி வேண்டாம் என்றும் தீர்மானித்தேன். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இரண்டு அரசாங்கம் இருப்பது மதுப் பிரியர்களுக்கு மட்டுமே வசதி.

2025 ஜூலை 13, ஞாயிறு

வாங்கியாயிற்று. டி.என். 31 என்ற கடலூர்ப் பதிவு, சொந்த வண்டிக்கான வெள்ளை எண்பலகை, சாம்பல் நிறம், கூரை உயர்ந்த விங்கர். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. சீட் பெல்ட் நுனிவரை கறுப்பு. முன்சக்கரங்களே இழுக்கும் வண்டியாதலால் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு அடியில் கிடையாது, தளம் தாழ்ந்திருக்கிறது. என் மனைவி யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். டிராவலரை விட்டுக்கொடுத்தது இந்த ஒரு காரணத்திற்காகத்தான்.

ஏ.சி. இல்லாத வண்டி என்று மைத்துனர் முகம் சுளித்தார். நான் அதைத் தேடித்தான் வாங்கினேன். நகரும் கண்ணாடிச் சன்னல் இருந்தால்தான் உட்புறம் கொசுவலையைப் பொருத்திக் கடல்காற்றை உள்ளே விட முடியும். கறுப்பு ஃபிலிமை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. எனவே சன்னல் அளவுக்கு வெட்டிய பஞ்சுத் தட்டிகளை இரவில் மட்டும் செருகிக்கொள்ளலாம்.

கூரையில் சூரியத் தகடு இல்லை. அதுதான் முதலில் காட்டிக் கொடுக்கும். இருபது வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 160 வாட்-மணி செலவாகும், 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலத்தில் 1,280 இருக்கிறது. பகலில் வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம். அடுப்பும் வைக்கவில்லை. கசிந்தால் எரிவாயு தளத்தில் தங்கிவிடும் என்பது ஒன்று. கடுகு தாளித்த வாசனை தெருமுழுக்கப் போய் உள்ளே குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிடும் என்பது இன்னொன்று.

அனுமதி வரும்வரை ஓர் ஆணியும் அடிப்பதில்லை. கடைசி வரிசையின் நீள இருக்கையும், அதன்முன் செருகும் ஒரு பலகையும் அவளுக்கு. நடைவழியில் பாய் எனக்கு. பின்கதவை ஒட்டிப் பெட்டிக் கழிப்பறையும், அதைச் சுற்றி ஒரு திரையும்.

2025 ஜூலை 27, ஞாயிறு

நேற்றிரவு சோதனை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போகும் சாலையில், வேறு இரண்டு வேன்களுக்கு நடுவே நிறுத்தினோம். நள்ளிரவில் ஒரு நாய் மட்டும் எங்களைக் கண்டுகொண்டது.

விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டும் ஓசை. காவலரோ என்று பதறித் திறந்தேன். கூடையும் குடும்பமுமாக நான்கு பேர் நின்றிருந்தார்கள். “அண்ணே, செதம்பரம் போவுமா? ஆள் சேந்துடுச்சா?” என்று கேட்டார் மூத்தவர். பின்னாலிருந்து, தூக்கக் குரலில், “இது போவாதுங்க, சொந்த வண்டி” என்றாள் என் மனைவி. அவர்கள் அடுத்த வேனைத் தட்டப் போனார்கள்.

ஒரே ஒரு குறை. எங்கள் மூச்சின் ஈரம் முன்கண்ணாடி முழுவதும் வியர்த்து நின்றது. பக்கத்து வேன்களின் கண்ணாடி காய்ந்திருந்தது. எதிர்ப்பக்கச் சன்னலிலும் வலை தைக்க வேண்டும். திங்கட்கிழமை முதுநகரில் துணி பார்க்கிறேன்.