அட்டையையும் படமெடுக்க வேண்டும்

ஜூன் 3, புதுச்சேரி

பழைய பெண்கள் இதழ்களைப் பற்றிய ஆவணப்படம். பக்கங்களைப் படமெடுக்கும் வேலை இன்று தொடங்கியது. ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் கடற்காற்றின் ஈரம் லென்ஸில் படர்கிறது. துடைத்தால் மறுபடி படரும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்துவிட்டால் போதும்.

ஜூன் 4

மரக்கூழ்த் தாள். உள்ளிருக்கும் அமிலத்தால் பழுப்பேறி, மடிப்பில் அப்பளமாக நொறுங்குகிறது. பைண்டு செய்த தொகுதியை முழுதாக விரித்து அழுத்தினால் முதுகு முறிந்துவிடும். இரு பக்கமும் தெர்மோகோல் சரிவு வைத்து, பாதி விரிப்பிலேயே எடுக்கிறோம். விளக்குகள் இருபுறமும் 45 டிகிரி சாய்வில். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை. வெள்ளை அட்டை வைத்தால் இன்னும் மோசம். கிழிசலில் செலோடேப் ஒட்டவே கூடாது, பசை சில ஆண்டுகளில் எழுத்தையே தின்றுவிடும்.

ஜூன் 6

மனம் கனக்கிறது. பைண்டு செய்தபோது மேலட்டை, விளம்பரத் தாள் எல்லாவற்றையும் உருவிவிட்டு, கட்டுரைகளை மட்டும் தைத்திருக்கிறார்கள். சந்தா, அச்சகம், நடத்தியவர் பெயர் பெரும்பாலும் அட்டையில்தான் இருக்கும். 1905இல் சென்னையில் தொடங்கிய ‘சக்ரவர்த்தினி’ பெண்களுக்கான இதழ், ஆசிரியர் பாரதி. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் கடிதம் எழுதிய, சந்தா கட்டிய பெண்களின் பெயர் அட்டையிலும் கடைசிப் பக்கத்திலும் மட்டுமே மிஞ்சும். அதனால் தைக்காத உதிரி இதழ் கிடைத்தால் முதல் அட்டை முதல் கடைசி அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட எடுக்கிறோம்.

ஜூன் 9, கடலூர் முதுநகர்

விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாள் பிறந்த ஊர். காந்தி சூட்டிய ‘ஜான்சி ராணி’ பட்டம் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரிய 1927 போராட்டமும் 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானதும் படத்தில் அதைவிடக் கூடுதல் நேரம் பெற வேண்டும்.

நேர்காணலில் டியூப்லைட் மினுக்கியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி வைத்ததும் நின்றது. மின்விசிறியை நிறுத்தி, பேச்சில்லாமல் ஒரு நிமிடம் அறையின் சத்தத்தையும் பதிந்தோம். எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் ஒட்ட அதுதான் உதவும்.

ஜூன் 11

பதிப்புரிமைப் பட்டியல். பெயருள்ள கட்டுரை என்றால் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். பெயரில்லாதது என்றால் வெளியானதிலிருந்து 60 ஆண்டு. அதற்குள் எழுதியவர் யாரென்று வெளியானால் கணக்கு அவர் இறந்த ஆண்டுக்கு மாறும். புனைபெயர்ப் பக்கங்களைத் தனி ஃபோல்டரில் போட்டாயிற்று.